நெத்திலிக் கட்டணம்

மதுரையில் நாய் பழக்குகிற ஒருவரிடம் போனில் விசாரித்தேன். குட்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டால் மூன்றே மாதத்தில் உட்காரும், படுக்கும், கை கொடுக்கும் என்றார். தொகையைச் சொன்னார். என் மகள் பத்தாம் வகுப்பு முடிக்கிற வரைக்கும் அவ்வளவு ஆகவில்லை, அரசுப் பள்ளிக்கூடம். ராமேஸ்வரத்திலிருந்து மதுரை 170 கிலோமீட்டர், போய்வருகிற செலவு தனி. "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று வைத்துவிட்டேன். மடியில் கிடந்த குட்டி அதற்குள் என் சட்டைப் பொத்தானைக் கடித்துத் துப்பியிருந்தது.

அது பிறந்தது தனுஷ்கோடி மணலில். 1964 டிசம்பர் புயல் ஊரை வாரிக்கொண்டு போனது. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசாங்கமும் சொல்லிவிட்டது. மீன்பிடிக் குடும்பங்கள் மட்டும் ஓலைக் குடிசை போட்டுக்கொண்டு அங்கேயே இருக்கின்றன. இடிந்து நிற்கும் தேவாலயத்துக்கு அப்பால் அப்படி ஒரு குடிசையின் வாசலில் ஐந்து குட்டிகள். ஒரு மாதக் குட்டியாகவே தூக்கிக்கொண்டு வந்துவிட நினைத்துத்தான் போனேன். அந்த வீட்டு ஆத்தா தரமாட்டேன் என்றுவிட்டார்.

"கண்ணு தொறந்துட்டா போதுமா தம்பி? கூடப் பெறந்ததுகளோட கடிச்சு வெளையாடட்டும். எம்புட்டுக் கடிச்சா வலிக்கும்னு அதுககிட்டத்தான் படிக்கணும். அடுத்த மாசம் வாங்க."

கால்நடை மருத்துவர்கள் எட்டு வாரம் தாயோடு இருக்கட்டும் என்று சொல்வதற்கும் இதுதான் காரணம். ஆத்தா வாரக் கணக்குப் பார்க்கவில்லை, அவ்வளவே.

பெயர் வைப்பதில் வீட்டில் சண்டை. மணி என்று வைக்கலாம் என்றால் எங்கள் தெருவில் ஏற்கெனவே மூன்று மணி. கூப்பிட்டால் மூன்றும் வரும். கடைசியில் கச்சான் என்று வைத்தோம். எங்கள் பக்கத்து மீனவர்களுக்குக் கச்சான் என்றால் மேலைக்காற்று. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் அதே சொல்லுக்கு வேர்க்கடலை என்று பொருள். குட்டியின் நிறமும் வேர்க்கடலைத் தோல் நிறம்தான். இரண்டு கரைக்கும் பொதுவான பெயர்.

முதல் வாரம் பணம் போனதெல்லாம் என் முட்டாள்தனத்தால். கடையில் வாங்கிய ரப்பர் எலும்பை ஒரே நாளில் பிய்த்துப் போட்டது. கழுத்துப்பட்டை பெரிதாக இருந்தது. இனிப்பு பிஸ்கட் கொடுத்து வயிற்றைக் கெடுத்தேன். தரையில் மூத்திரம் போன இடத்தையெல்லாம் பினாயில் ஊற்றித் துடைத்தேன். அது மறுபடியும் அதே இடத்துக்கே போனது. நம் மூக்குக்குத்தான் அங்கே சுத்தம். அதன் மூக்குக்குப் பழைய வாடை அப்படியே இருந்திருக்கிறது. தண்ணீரில் வினிகர் கலந்து துடைக்கத் தொடங்கிய பிறகே அந்த மூலையை மறந்தது. செய்தித்தாள் விரித்துப் பார்த்தேன். அதையும் கிழித்துத்தான் விளையாடியது. பிறகு ஒரு நாள் ஆத்தாவிடம் புலம்பியபோது சிரித்துவிட்டார்.

"மணல்ல பெறந்தது. பேப்பர்ல போகச் சொன்னா எப்படிப் போகும்?"

ராமேஸ்வரத்தில் மணலுக்கா பஞ்சம்? தூங்கி எழுந்ததும் ஒருமுறை, தின்றதும் ஒருமுறை, விளையாடி முடித்ததும் ஒருமுறை என்று கொல்லைப்புற மணலில் கொண்டுபோய் விட்டேன். பத்து நாளில் தானே கதவருகே போய் நின்று முனகியது. கடிக்க வேண்டுமென்றால் என் பழைய பருத்தி லுங்கியைக் கிழித்து முடிச்சுப் போட்டு, தண்ணீரில் நனைத்துக் கொடுத்தேன். வலைக் கயிறு ஏராளமாகக் கிடைக்கும், ஆனால் கொடுக்கக் கூடாது; நைலான் இழை வயிற்றுக்குள் போனால் குடலைச் சுற்றிக்கொள்ளும்.

இடையில் ஒரு தப்பும் செய்தேன். காயப்போட்டிருந்த கருவாட்டை இழுத்துக்கொண்டு ஓடிய கச்சானை, "கச்சான் வா" என்று அன்பாகக் கூப்பிட்டு, வந்ததும் சுருட்டிய பேப்பரால் இரண்டு போட்டேன். அப்புறம் இரண்டு வாரம் நான் எப்படிக் கூப்பிட்டாலும் நாலு அடி தள்ளியே நின்றது. திருட்டுக்கா அடித்தேன்? வந்ததற்கு அடித்தேன். அப்படித்தான் அதற்குப் புரிந்திருக்கும். கூப்பிட்டு அடிக்கிறவனிடம் மனிதன்கூட வரமாட்டான்.

அதைச் சொன்னதும்தான் ஆத்தா தன் வித்தையைக் காட்டினார். உப்புப் போடாமல் வேகவைத்து வெயிலில் உலர்த்திய நெத்திலி ஒரு கை. கருவாடு ஆகாது, உப்பு குட்டிக்குக் கெடுதல். மூடிய கைக்குள் ஒரு நெத்திலியை வைத்துக் கச்சானின் முகத்துக்கு நேரே நீட்டினார். அது நக்கியது, பிராண்டியது, குரைத்தது. ஆத்தா கையைத் திறக்கவில்லை, ஒரு வார்த்தையும் பேசவில்லை. சலித்துப்போய் மூக்கை இழுத்துக்கொண்ட அந்த நொடியில் நாக்கை அண்ணத்தில் தட்டி ஒரு 'ட்ளக்'. மறு கையிலிருந்து இரண்டு நெத்திலி. நாலைந்து முறை இப்படியே நடந்தது. கையைப் பார்த்ததும் கச்சான் தானாகவே பின்வாங்கத் தொடங்கிய பிறகுதான் 'விடு' என்ற சொல்லைச் சேர்த்தார்.

ஹவாயில் 1960-களில் டால்பின் என்கிற ஓங்கில்களைப் பழக்கிய கேரன் பிரையர் விசில் ஊதிச் செய்ததும் இதுவேதான். சரியாகச் செய்த நொடியை ஒரு சத்தத்தால் குறித்துவிட்டு, உடனே மீன் கொடுப்பது. கயிறு கட்டி இழுக்கவோ பிரம்பால் அடிக்கவோ முடியாத கடலில் வேறென்ன செய்ய? அந்த முறைதான் பிறகு நாய் பழக்குகிறவர்களிடையே பரவியது. சத்தம் எழுப்பும் சின்னப் பெட்டியை இப்போது கடையில் விற்கிறார்கள். ஆத்தாவின் நாக்குக்கு விலை கிடையாது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊரில் நாய்களுக்கு மட்டும் எப்போதும் ஆங்கில வழிக் கல்விதான். வீட்டில் எல்லாரும் தமிழ் பேசுவோம். நாயைப் பார்த்ததும் கம், சிட், கோ. எங்கள் வீட்டிலும் மனைவி 'சிட்' என்றாள், மகள் 'உக்காரு' என்றாள், நான் 'டேய் சும்மா இரு' என்றேன். கச்சான் மூவரையும் மாறிமாறிப் பார்த்தது. அடுப்படிச் சுவரில் ஆறு சொற்களை எழுதி ஒட்டினோம்: வா, உக்காரு, இரு, விடு, போதும், வெளியே. யாராக இருந்தாலும் இவைதான். நாயைவிட எனக்குத்தான் நாளாயிற்று.

தடுப்பூசியில் மிச்சம் பிடிக்கவில்லை. வெறிநோய் ஊசியை மூன்று மாதம் ஆனதும் அரசு கால்நடை மருத்துவமனையில் போட்டேன். பார்வோ நோய்க்கான ஊசியைக் காசு கொடுத்து வாங்கினேன். அந்த ஊசிகள் முடிகிற வரை தெரு நாய்கள் திரிகிற இடத்தில் இறக்கிவிடக் கூடாது. ஆனால் உலகத்தைப் பார்த்துப் பயம் தெளிகிற வயதும் அதுதான், மூன்று மாதத்துக்குள். சைக்கிள் கூடையில் துண்டு விரித்துக் கச்சானை உட்காரவைத்து ரத வீதிகளைச் சுற்றினேன். தீர்த்தமாடி ஈரத்தோடு வருகிறவர்கள், மொட்டைத் தலைகள், தலைப்பாகைகள், சங்கு ஊதிப் பார்க்கும் கடைக்காரர்கள். இந்தியாவின் எல்லா மொழியும் அதன் காதில் விழுந்தது. இதற்கு யாராவது கட்டணம் வாங்கியிருக்க முடியுமா?

ஊசிகள் முடிந்த பிறகு விடியற்காலையில் தனுஷ்கோடிக்குக் கூட்டிப்போனேன். வெயில் ஏறினால் தார் ரோடு பாதத்தைச் சுட்டுவிடும். நல்ல தண்ணீரைக் கையோடு எடுத்துப்போக வேண்டும். கடல் தண்ணீரைக் குடித்துவிட்டு ஒருமுறை வாந்தி எடுத்தது. 2017-இல் அரிச்சல்முனை வரை ரோடு திறந்த பிறகு வேன்களும் கார்களும் விரைகிற இடம் என்பதால் கயிறு இல்லாமல் நடத்துவதில்லை.

மாசி மாதம் ஒரு காலை. பெண்கடல் என்று நாங்கள் சொல்லும் வடக்குக் கடல் பக்கம் கரைவலை இழுத்து முடித்திருந்தார்கள். வேண்டாமென்று எறிந்த மீன்களுக்கு நடுவே பந்துபோல ஊதிக்கிடந்தது ஒரு பேத்தை. அதன் ஈரலிலும் சினையிலும் இருக்கிற நஞ்சு வேகவைத்தாலும் போகாது. உடம்பு மரத்து மூச்சு நின்றுவிடும், மாற்று மருந்து கிடையாது. கயிறு நீளமாக இருந்தது, நான் பத்தடி பின்னால். கச்சான் அதை முகர்ந்து வாயைத் திறந்துவிட்டது.

"விடு."

குரல் நடுங்கித்தான் வந்தது. கச்சான் திரும்பிப் பார்த்தது. பேத்தையைப் பார்த்தது. பிறகு என்னிடம் ஓடிவந்து உட்கார்ந்து, என் சட்டைப் பையைப் பார்த்தது. இருந்த நெத்திலி முழுவதையும் கொட்டினேன்.

அன்றைக்கு இன்னும் கொஞ்ச தூரம் நடந்தோம். பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடுகிற காலம். வனத்துறையினர் முட்டைகளைச் சேகரித்து வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைத்துப் பாதுகாக்கிறார்கள். ஒரு குழியில் நூறு முட்டைகூட இருக்கும். குஞ்சு வர ஏறத்தாழ ஐம்பது நாள். அவர்கள் கண்ணில் படாத குழியை நாய் மோப்பம் பிடித்தால் கால் மணி நேரத்தில் காலி. மோப்பமும் தோண்டுதலும் நாயின் பிறவிக் குணம், 'விடு' என்ற ஒற்றைச் சொல்லை நம்பி அங்கே கயிற்றை அவிழ்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

தை முதல் சித்திரை வரை தனுஷ்கோடிக்கு நாயோடு வருகிறவர்கள் தயவுசெய்து கயிறு கொண்டுவாருங்கள்.