கோணல் நகம்

எங்க அண்ணன் மகளுக்குப் பிறக்கும்போதே ரெண்டு கால் பெருவிரல் நகமும் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. எட்டு மாசத்தில் நகம் தடிச்சு, வரிவரியா மஞ்சளாகிவிட்டது. நுனிச் சதை மேலேறி நகத்தை மறிச்சுக்கிட்டு நின்னது. தவழும்போது தரையில் இடித்தால் அலறுவாள்.

எங்கம்மா முப்பது வருசம் தூத்துக்குடி உப்பளத்தில் உழைச்சவள். சீசனுக்கு முன்னால பாத்தித் தரையை வெறுங்காலால் மிதிச்சு மிதிச்சு இறுக்கணும். அவளுக்கு இது நோயாவே தெரியல. "ஏட்டி, நம்மள்ல எவளுக்கு நகம் நேரா இருக்கு? அளத்துக்குப் போற காலுதான" என்றாள். ரயிலுக்குக்கூட முத்துநகர்னு பேர் வச்சிருக்காவ. முத்துக்குளிப்பு 1961-க்கப்புறம் நடக்கல. உப்பு மட்டும் நிக்கல.

மைனிக்கு மனசு கேக்கல. ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் மேசைக்கு அந்தப் பக்கமிருந்தே எட்டிப் பார்த்தார். எந்த ஊர், என்ன வேலைன்னு கேட்டார். காலைத் தொடவே இல்லை. "உப்புத் தண்ணியில விடாதீங்க" என்று களிம்பு எழுதினார். எட்டு மாசப் பிள்ளை எந்த அளத்தில் உப்பு வாரினாள்? செருப்புப் போட்டிருக்கானான்னு எங்க தாத்தாமார் காலைத் தெருவே உற்றுப் பார்த்த காலம் உண்டு. வைத்தியம்னு வந்தால் மட்டும் கால் கண்ணுக்குத் தெரியமாட்டேங்குது.

இன்னொரு ஆள் நகத்தைப் பிடுங்கிடலாம்னார். மைனி சம்மதிக்கல.

தோழர் ஒருத்தர் சொல்லி, மதுரையில் ஒரு தோல் மருத்துவரிடம் போனோம். அந்தம்மா பிள்ளை காலைத் தன் மடியில் எடுத்து வச்சுப் பார்த்தாங்க. பாரான் என்ற பிரெஞ்சு மருத்துவரும் கூட்டாளிகளும் 1979-ல் இதற்குப் பெயர் வைத்து எழுதியிருக்கிறார்கள். கோளாறு நகத்தில் இல்லை, அது முளைக்கிற வேரில். வேர் விரலெலும்புக்கு நேராக இல்லாமல் திரும்பி நிற்கிறது. பிடுங்கினாலும் திரும்பக் கோணலாத்தான் முளைக்கும். சாய்வு கொஞ்சமென்றால் பல பிள்ளைகளுக்கு வளர வளரத் தானே நேராகிவிடும். அதிகமென்றால் மயக்க மருந்து கொடுத்து, விரல் நுனியில் பிறை மாதிரிச் சதையை எடுத்து, நகப்படுக்கையை வேரோடு எலும்பிலிருந்து விடுவித்து, நேராகத் திருப்பித் தைக்கிறார்கள். ரெண்டு வயசுக்குள் செய்தால் நல்லது. இவ்வளவும் அந்தம்மா படம் வரைஞ்சு மைனிகிட்டதான் சொன்னாங்க, படிச்சவள்னு என்னைப் பார்த்து இல்லை.

இடது கால் நேராகிட்டு வருது. வலது ஆகல. மாசி வந்தா ரெண்டு வயசு முடியுது. ஆபரேசனுக்கு நாள் கேட்டிருக்கோம். புண் ஆறுகிறவரை காலைத் தரையில் ஊனாம பிள்ளையைத் தூக்கியே வச்சிருக்கணும். அது அளத்துல வேலை தொடங்கியிருக்கிற நேரம், போனாத்தான் கூலி. மைனி நிக்கதா, எங்கம்மா நிக்கதான்னு வீட்டுல இன்னும் பேசிக்கிட்டிருக்கோம்.