சில்லறை இல்லாத செல்வர்

ஊரில் செல்வராயிருப்பவரும் வழியில் வறியவராகலாம். ஜகாத் பெறத் தகுந்த எட்டு வகையினருள் வழிப்போக்கரையும் சேர்த்து வைத்திருப்பதன் நுட்பம் இதுவே. சொந்த ஊரில் வீடும் நிலமும் இருந்தென்ன? அப்பொருள் கைக்கெட்டாத இடத்தில் முசாபிர் ஏழையே. ஏட்டில் படித்திருந்த இந்நுட்பத்தை நமக்குக் கண்ணாரக் காட்டியது, போடிநாயக்கனூரிலிருந்து ராசிங்காபுரம் செல்லும் ஒரு நகரப் பேருந்து.

மூணாறு செல்லும் வழியில் போடியில் தங்கிய அயல்நாட்டு இளைஞர் ஒருவர், மலையடிவாரச் சிற்றூர்களைக் காணும் ஆவலில் அதில் ஏறியிருந்தார். நடத்துநரிடம் 500 ரூபாய்த் தாளை நீட்டினார். வங்கி இயந்திரம் அவருக்குத் தந்தது அதுதான். முதல் நடையாதலால் நடத்துநரின் தோற்பையில் மாற்றிக் கொடுக்கப் பணமில்லை. இளைஞர் வங்கி அட்டையை எடுத்துக் காட்டினார். அதற்கு அங்கே மதிப்பில்லை.

முன்னிருக்கையில் இருந்த மூதாட்டி திரும்பிப் பார்த்தார். "நம்ம ஊருக்கு வந்த பிள்ளைகிட்டப் போயி சில்லறை கேக்கிறியேப்பா, இந்தா பிடி" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்தார். காசு கைமாறிக் கைமாறிப் பின்னே சென்றது. பயணச்சீட்டும் அவ்வாறே இளைஞரிடம் வந்து சேர்ந்தது.

அம்மூதாட்டியின் கையில் இருந்ததோ கட்டணமில்லாச் சீட்டு! 2021 மே மாதம் முதல் தமிழகத்தின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் காசின்றிப் பயணம் செய்கின்றனர். 2023இல் கருநாடகம் தொடங்கிய இத்தகைய திட்டத்தில் அம்மாநிலத்தவர் என்பதற்கு அடையாள அட்டை காட்ட வேண்டும். இங்கே எச்சான்றும் கேட்பதில்லை. ஆடவர் கட்டணத்திலும் ஊரார், அயலார் என்ற பிரிவினை கிடையாது. மாமல்லபுரச் சிற்பங்களைக் காண அயல்நாட்டார் நம்மவரினும் பன்மடங்கு செலுத்த வேண்டும். பேருந்திலோ, ஏலத்தோட்டக் கூலியாளுக்கும் கடல் கடந்து வந்தவருக்கும் கட்டணம் ஒன்றே.

ஆதலின் அயலார்க்குள்ள இடர் கட்டணத்தில் இல்லை. அதைச் செலுத்தும் வழியில்தான் இருக்கிறது. மீதிச் சில்லறையைச் சீட்டின் பின்புறம் எழுதிக் கொடுத்து, இறங்கும்போது தருவது நம் நடத்துநர்களின் வழக்கம். இதை அறியாதவர் தாம் ஏமாற்றப்பட்டதாக மனங்குமைவார். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கேரளம் செல்வோரும், சென்னைக்குத் தொலைதூரப் பேருந்து ஏறுவோரும் முன்பதிவு செய்ய முயன்றால், இணையத் தளங்கள் பலவும் இந்தியக் கைப்பேசி எண்ணைக் கேட்கின்றன. தேநீர்க் கடையில் தாளை மாற்றிக்கொண்டு, நிலையத்திலேயே விசாரித்து ஏறுவதுதான் அவர்க்கு எளிய வழி.

2016இல் தோன்றிய யுபிஐ இன்று தெருவோரக் கடைவரை பரவியுள்ளது. 2023இல் ஜி-20 நாடுகளின் பயணியர்க்கும் அவ்வழி திறக்கப்பட்டது. முதலில் குறிப்பிட்ட சில விமான நிலையங்களில், முன்பணம் ஏற்றிய கணக்கின் மூலமாகவே அது கிடைத்தது. கைப்பேசிப் பணம் நல்ல வசதி. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதுவே ஒரே வாயிலாகுமானால், அயலார் மட்டுமல்லர், கைப்பேசி இல்லாத நம் முதியோரும் வெளியே நிற்க நேரும்.

கட்டணம் எல்லார்க்கும் ஒன்றாயிருப்பது நீதி. அதைச் செலுத்தும் வழி எல்லார்க்கும் திறந்திருப்பதும் அந்நீதியின் பாற்பட்டதே. நடத்துநரின் தோற்பையில் நாணயம் ஒலிக்கும்வரை வழிப்போக்கர்க்கு வழி அடைபடாது.