எது உடைந்தது, யார் சொன்னது

கைப்பேசிச் செயலிகளைப் புதுப்பிக்கும்போது 'சில பிழைகள் சரிசெய்யப்பட்டன' என்று ஒரே வரியில் முடித்துக்கொள்வார்கள். என்ன பிழை, எத்தனை நாளாக இருந்தது, அதனால் யாருக்கு என்ன போனது, ஒன்றும் தெரியாது. வீட்டில் சண்டை நடந்து ஓய்ந்தபின் உள்ளே போனால் 'ஒன்னுமில்ல, சாப்பிடு' என்பார்களே, அந்த மாதிரி. லினக்ஸ் கெர்னலின் மாற்றக் குறிப்புகள் இதற்கு நேர் எதிர். சண்டையில் யார் என்ன சொன்னார்கள் என்பதுவரை அங்கே எழுதி வைத்திருப்பார்கள்.

நண்பர்கள் 'இப்ப என்னா படிக்கிற?' என்று கேட்கும்போது சில வாரங்களில் என்னுடைய உண்மையான பதில் இந்தக் குறிப்புகள்தான். சொல்வதில்லை. சொன்னால் பேச்சு அதோடு நின்றுவிடும். இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

கெர்னல் என்பது இயங்குதளத்தின் அடிப்பகுதி. ஒரு நிரல் வட்டில் எழுதவோ, நினைவகம் கேட்கவோ, வலையில் எதையாவது அனுப்பவோ வேண்டுமென்றால் அதனிடம்தான் வந்து நிற்க வேண்டும். உங்கள் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான். 1991ல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கியது. இன்று ஒன்பது, பத்து வாரங்களுக்கு ஒரு புதிய பதிப்பு வருகிறது. ஒவ்வொன்றிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கமிட் என்று பெயர். அதோடு ஒரு குறிப்பு: என்ன கோளாறு, ஏன் வந்தது, எப்படித் தீர்க்கப்பட்டது. குறிப்பின் அடியில் பெயர்கள். எழுதியவர், சரிபார்த்தவர், சோதித்தவர், கோளாறை முதலில் சொன்னவர். கூடவே 'ஃபிக்சஸ்' என்று ஒரு வரி. எந்தப் பழைய கமிட் இந்தக் கோளாறைக் கொண்டுவந்ததோ அதன் எண்ணும் தலைப்பும் அதில் இருக்கும். பழைய நூல்களைப் பதிப்பித்தவர்கள் பாடபேதம் குறித்து வைத்ததைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த ஒழுங்கு உடனே பிடித்துப்போகும்.

புதிய பதிப்புக்கு எல்லோரும் உடனே மாறிவிட முடியாது. எங்களைப் போன்ற கம்பெனிகள் ஒரு பழைய பதிப்பைப் பல ஆண்டுகள் வைத்து ஓட்டும். அதற்காகப் புதியதில் செய்த திருத்தங்களை மட்டும் பொறுக்கியெடுத்துப் பழையதில் ஒட்டும் வேலை தனியே நடக்கிறது. திருத்தம் சிறியதாக இருக்க வேண்டும், நூறு வரிக்கு மேல் போகக்கூடாது, சரி என்று பார்த்தாலே தெரிய வேண்டும். இவை அந்த வேலையின் விதிகள்.

எனக்குப் பிடித்த கதை 6.1.64 என்ற பதிப்பினுடையது. 2023 நவம்பர் இறுதியில் வந்தது. அதில் ஒட்டப்பட்ட நூற்றுக்கணக்கான திருத்தங்களில் ஒன்று ஈஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமைக்கானது. எந்தக் கோப்பு வட்டில் எங்கே இருக்கிறது என்ற கணக்கைப் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் வைத்திருப்பது இதுதான். திருத்தத்தின் நோக்கம் மிக நல்லது. ஒரு நிரல், 'நான் எழுதியது வட்டில் பத்திரமாகச் சேர்ந்த பிறகு பதில் சொல்' என்று கேட்டு எழுதுகிறது. கெர்னலும் 'சேர்ந்துவிட்டது' என்கிறது. ஆனால் கெட்ட நேரத்தில் மின்சாரம் போனால், கோப்பின் நீளம் மட்டும் பழையபடி குறைவாகவே பதிவாகியிருக்க வாய்ப்பு இருந்தது. கொடுத்த வாக்கு பொய்யாகிவிடும். அதை நிறுத்தத்தான் இந்தத் திருத்தம்.

புதிய கெர்னலில் அது ஒழுங்காக வேலை செய்தது. 6.1க்குக் கொண்டுவந்தபோதுதான் வினை. திருத்தத்துக்குப் பிறகு, எழுதி முடித்ததும் ஈஎக்ஸ்டி4 இன்னோர் அடுக்குக்கு ஓர் எண்ணைத் திருப்பித் தருகிறது, இத்தனை பைட் எழுதினேன் என்று. புதிய கெர்னலின் அடுக்கு, அந்த எண் பூஜ்யத்துக்குக் கீழே போனால் மட்டும் கோளாறு என்று எடுத்துக்கொள்ளும். 6.1ல் இருந்த பழைய அடுக்கோ, பூஜ்யம் அல்லாத எது வந்தாலும் கோளாறு என்றே நினைத்து, கோப்பில் எதுவரை எழுதியாயிற்று என்ற குறியை நகர்த்தாமல் விட்டுவிடும். இந்த வழக்கத்தை மாற்றியது வேறொரு கமிட். அது பிழைத்திருத்தம் அல்ல, ஒழுங்குபடுத்தல். ஆகவே 6.1க்கு அது வரவில்லை. 'வேலை முடிந்தது, இத்தனை' என்று ஒருவர் சொல்ல, மற்றவர் அதை 'ஏதோ தப்பு' என்று கேட்டுக்கொண்டார்.

குறி நகராவிட்டால் அடுத்து எழுதுவது தவறான இடத்தில் போய் விழும். தோட்டத்துக் கிராணி செக்ரோலில் ஒரு பெயரை எழுதிவிட்டு, வரி மாறாமல் அதே வரியில் அடுத்த பெயரையும் எழுதுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். என் பாட்டி பால்மரம் வெட்டியவர். செக்ரோலில் பேர் விழாத நாளுக்குச் சம்பளம் கிடையாது என்பார். கணக்கில் இடம் மாறி விழுவது என்றால் என்ன என்பதை எனக்கு ஸ்கூடாயில் நடத்திய ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடத்தைவிட அவர்தான் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்.

நல்லவேளையாக, இடைச்சேமிப்பைத் தாண்டி நேராக வட்டுக்கு எழுதும் நிரல்களுக்கு மட்டும்தான் இந்த ஆபத்து. சோதனைத் தொகுப்பு ஒன்றில் இருந்த சின்னச் சோதனை தோற்றுப்போய்க் காட்டிக்கொடுத்தது. அதற்குள் இந்தக் கெர்னல் டெபியன் 12.3க்குள் ஏறிவிட்டிருந்தது. டிசம்பர் 9 அன்று வெளிவர இருந்த நிறுவல் கோப்புகளை நிறுத்தினார்கள். இப்போதைக்கு யாரும் மேம்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தார்கள். கெர்னல் 6.1.66ல் விஷயம் சரியானது. மறுநாளே, டிசம்பர் 10ல், டெபியன் 12.4 வந்தது.

யார் குற்றவாளி? திருத்தத்தை எழுதியவர் சரியாகத்தான் எழுதினார். ஒழுங்குபடுத்தலை எழுதியவரும் சரி. 6.1க்குப் பொறுக்கியவர்கள் விதிப்படிதான் செய்தார்கள். தனித்தனியே பார்த்தால் ஒரு வரிகூடத் தவறில்லை. ஒரு பத்தி தன் முந்தைய பத்தியை விட்டுவிட்டு வேறு புத்தகத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். அப்போது நடந்த கடிதப் போக்குவரத்தை முழுதாகப் படித்தேன். கோளாறை ஆராய்ந்தவர், இந்தக் கமிட் இல்லாமல் அந்தக் கமிட் வந்ததால் இது நடந்தது என்று விளக்குகிறார். வாக்கியங்களின் எழுவாயாக இருப்பது கமிட். ஆள் இல்லை.

இதைவிடப் பிரபலமான ஒன்று 'டர்ட்டி கவ்'. 2016 அக்டோபரில் சரிசெய்யப்பட்டது. சாதாரணப் பயனர் ஒருவர், படிக்க மட்டுமே அனுமதியுள்ள கோப்பில் எழுதி, கணினிக்கே முதலாளி ஆகிவிடலாம். 2007ல் வந்த 2.6.22 காலத்திலிருந்து திறந்தே கிடந்த கதவு. திருத்தத்தை எழுதியது டோர்வால்ட்ஸ்தான். அந்தக் குறிப்பில் அவர், இது பழைய பிழை, பதினோரு ஆண்டுக்கு முன் நானே இதை ஒருமுறை திருத்தப் பார்த்தேன், மோசமாகத் திருத்தினேன், ஐபிஎம் பெருங்கணினி ஒன்றில் சிக்கல் வந்ததால் அது திரும்பப் பெறப்பட்டது என்ற பொருளில் எழுதியிருக்கிறார். எந்தக் கமிட், எந்தக் கமிட்டால் திரும்பப் பெறப்பட்டது, இரண்டு எண்ணும் இருக்கின்றன. உலகமே பதறிக்கொண்டிருந்த வாரத்தில் எழுதிய குறிப்பு அது. மன்னிப்பும் இல்லை, சமாதானமும் இல்லை. எனக்கு அந்த நடை பிடித்திருக்கிறது.

கெர்னல் உலகம் ஏதோ புத்தர் கோயில் என்று நினைத்துவிட வேண்டாம். இதே டோர்வால்ட்ஸ் ஆண்டுக்கணக்கில் ஆட்களைக் கடிதங்களில் கண்டபடி திட்டியவர். 2018 செப்டம்பரில்தான் தன் நடத்தைக்கு மன்னிப்புக் கேட்டு, கொஞ்ச காலம் ஒதுங்கினார். ஒரு வரியை யார் எழுதியது என்று காட்டும் கட்டளைக்கு அவர்களே வைத்த பெயர் 'கிட் ப்ளேம்'. ப்ளேம் என்றால் பழி. ஆனால் கோபம் கடிதத்தோடு போய்விடுகிறது. கமிட் குறிப்பில் மிஞ்சுவது எது உடைந்தது, எப்படி உடைந்தது, யார் கண்டுபிடித்துச் சொன்னார்கள் என்பதுதான். இந்த வித்தியாசம் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியமாகப்பட்டது என்பதற்கு ஒரு காரணம் உண்டு.

நான் வேலை செய்த ஒரு கம்பெனியில் ஒரு தங்கச்சி இருந்தாள். கெடாக்காரி, ஒப்பந்த வேலை, என்னைவிட மூன்று வயது இளையவள். ஒரு சனிக்கிழமை விடியற்காலை அவளுடைய ஷிஃப்டில் சர்வர்களுக்குக் கெர்னல் அப்டேட். இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு அனுமதித்த பட்டியல். பட்டியலில் இருந்தபடி செய்தாள். கொஞ்ச நேரத்தில் மூன்று சர்வர்களின் நெட்வொர்க் கார்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பேச்சை நிறுத்தின. நாலு மணி பத்து நிமிடத்துக்கு வாட்ஸ்ஆப்பில் எழுதினாள்: 'ணே, டிராஃபிக் ஏறுனாத்தான் கார்டு தூங்கிப்போவுது. பழைய கெர்னல்ல பூட் பண்ணா சரியா இருக்கு. இந்தக் கார்டு உள்ள மெஷின் மட்டுந்தான்.' அந்த மூன்று வாக்கியத்தில் நோயும், நோய் வரும் நேரமும், நோய் யாருக்கு வரும் என்பதும் இருந்தன. பழைய கெர்னலுக்கு அவளே திருப்பினாள். மொத்தம் இரண்டு மணி நேரம் சேவை இல்லை.

திங்கட்கிழமை அறிக்கை. அதற்கென்று ஒரு படிவம் உண்டு. 'காரணம்' என்ற கட்டத்தில் மனிதத் தவறு. 'பொறுப்பானவர்' என்ற கட்டத்தில் அவள் பெயர். என்ன மனிதத் தவறு என்று கூட்டத்தில் கேட்டேன். "அவதான ரன் பண்ணா?" என்றார் பாஸ். அப்படிப் பார்த்தால் லிஃப்ட் அறுந்து விழுந்தால் பட்டனை அமுக்கியவன்தான் காரணம். அதையும் சொன்னேன். சிரித்தார்கள். மாத இறுதியில் ஒப்பந்தம் முடிந்தது, நீட்டிக்கவில்லை.

எனக்குக் கமிட் எண் வேண்டும் என்று தோன்றிவிட்டது. இரண்டு பதிப்புகளுக்கு நடுவே முந்நூற்றுச் சொச்சம் மாற்றங்கள். கிட்டில் 'பைசெக்ட்' என்றொரு வசதி இருக்கிறது. நடுவில் உள்ள மாற்றத்தை எடுத்துக் கெர்னலைக் கட்டு, ஓட்டிப் பார், நல்லதா கெட்டதா சொல். பாதி கழியும். மறுபடி நடு. முந்நூறுக்கு ஒன்பது முறை போதும், பத்தாயிரத்துக்கே பதினாலுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் கட்டி முடிக்க முக்கால் மணி நேரம், அப்புறம் கார்டு தூங்குகிறதா என்று டிராஃபிக் ஏற்றிக் காத்திருக்க வேண்டும். மூன்று இரவு ஆனது. சோதனைக்கு ஒதுங்கிக் கிடந்த பழைய மெஷின், தாப்பாவ் வாங்கிய மீ கோரேங், கீழே கார்டு சாமான். கடைசியில் அந்தக் கார்டின் டிரைவரில் மின்சாரம் மிச்சம் பிடிக்கச் செய்த ஒரு மாற்றத்தில் வந்து நின்றது. ஆறு வரி.

பராமரிப்பவருக்கு எழுதினேன். இரண்டு நாளில் ஒரு பேட்ச் அனுப்பிச் சோதிக்கச் சொன்னார். சோதித்தேன், சரியாக இருந்தது. 'டெஸ்டட்-பை' வரிக்கு என் பெயர். 'ரிப்போர்ட்டட்-பை' வரியில் யார் பெயரைப் போடட்டும் என்று கேட்டார். தனிப்பட்ட முறையில் சொன்னவர் என்றால் அவரிடம் முதலில் அனுமதி கேட்க வேண்டும், அதுவும் அவர்களுடைய விதி.

போன் பண்ணினேன். அதற்குள் அவள் ஜொகூர் வந்து, விடியும் முன்பே காஸ்வே தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"எனக்கு எதுக்குண்ணே அதெல்லாம்?"

"நீதானம்மா மொதல்ல சொன்ன."

"ஆபீஸ் ரிப்போர்ட்லயும் என் பேருதான் இருக்கு."

"இது வேற கட்டம்."

பஸ் கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. பிறகு, "போடுங்க. ஆனா ஐசில இருக்கிற மாதிரி முழுசாப் போடுங்கண்ணே, ஏ/பி போட்டு. அப்பா பேரும் வரட்டும்" என்றாள். பராமரிப்பவருக்கு ஏ/பி என்றால் இன்னாரின் மகள் என்று விளக்க வேண்டியிருந்தது. அவர் அப்படியே போட்டார்.

அந்த கமிட் அடுத்த ஸ்டேபிள் பதிப்பில் வந்தது. அதை நிறுவியதும் அந்த மூன்று சர்வர்களும் தூங்கவில்லை. பழைய அறிக்கையைத் திருத்தச் சொல்லிக் கமிட் எண்ணோடு எழுதினேன். மூடிய அறிக்கையைத் திறக்க முடியாது என்று பதில் வந்தது.

அதற்குப் பிறகு நான் எழுதிய அறிக்கைகளில் 'பொறுப்பானவர்' கட்டத்தில் பதிப்பு எண்ணையோ கமிட் எண்ணையோதான் எழுதினேன். முதல் முறை திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் முறை, இந்த இடத்தில் ஆள் பெயர் வேண்டும் என்று மஞ்சள் பூசி அனுப்பினார்கள். அதே எண்ணை மறுபடி எழுதி அனுப்பினேன். மூன்றாம் முறை அது திரும்பி வரவில்லை.