கம்பிக்கு ஒரு காவல், உயிருக்கு ஒரு காவல்

சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் போகும் வழியில், கடலை நெருங்கும் இடத்தில் இருக்கிறது லுக்குட். ஒரு காலத்தில் ஈயம், பிறகு பால்மரம், இப்போது செம்பனை. அங்கே ஒரு தோட்டக் குடியிருப்பில் மின்பெட்டிகளைச் சோதிக்க வந்த வயர்மேனோடு நானும் போயிருந்தேன். அவர் தோட்டத்துப் பிள்ளை. ஜெனரேட்டர் ஓடும் மாலை நேரத்தில் மட்டும் லயத்தில் விளக்கெரிந்த காலத்தைப் பார்த்தவர்.

முதல் வீட்டிலேயே புகார் காத்திருந்தது. “மழை பெஞ்சா போதும் தம்பி, டிரிப் ஆயிடுது. அந்தக் கசிவு பிரேக்கர எடுத்துட்டு நேரா குடுத்துடுங்களேன்.”

“எடுக்கக் கூடாதுக்கா. எங்கியோ கசியுது. அத மொதல்ல பாப்போம்.”

மெயின் சுவிட்சை அணைத்து, பூட்டுப் போட்டு, தன் பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டார். அணைத்த பிறகும் மீட்டரிலிருந்து மெயினுக்கு வரும் கம்பியில் மின்சாரம் இருக்கும். அந்த முனையில் டெஸ்டரை வைத்து அது வேலை செய்வதை உறுதிசெய்தார். பிறகு தான் தொடப்போகும் கம்பிகளைச் சோதித்தார். மறுபடியும் உயிருள்ள முனையில் வைத்துப் பார்த்தார். நடுவில் டெஸ்டரே பழுதாகியிருந்தால்? அந்தக் கேள்விக்கு இடம் வைக்காத வேலைமுறை அது.

காப்பை அளக்கும் 500 வோல்ட் மெக்கர் வைத்தபோது குளியலறை ஹீட்டர் கம்பியில் காப்பு 1 மெகா ஓமுக்கும் கீழே இறங்கியிருந்தது. வெளிச்சுவரில் இருந்த இணைப்புப் பெட்டிக்குள் மழைத்தண்ணீர். கசிவு பிரேக்கர் விழுந்ததற்குக் காரணம் அதுதான்.

இன்னொரு வீட்டில் அதைவிடப் பெரிய ஆபத்து. 20 ஆம்பியர் எம்.சி.பி. அடிக்கடி விழுகிறதென்று யாரோ 32 ஆம்பியர் மாட்டியிருந்தார்கள். கம்பி பழைய 2.5 சதுர மில்லிமீட்டர்தான். சுமை கூடினால் பிரேக்கர் விழுவதற்கு முன் சுவருக்குள் கம்பி சூடேறி அதன் காப்பு உருகும்.

எம்.சி.பி. என்ற இந்தச் சிறு பிரேக்கரை 1924-இல் ஜெர்மனியின் ஸ்டோட்ஸ் நிறுவனம் உருவாக்கியது. அதிக சுமை வந்தால் உள்ளே இருக்கும் ஈருலோகப் பட்டை வளைந்து அணைக்கும். ஷார்ட் ஆனால் காந்தச் சுருள் நொடிப்பொழுதில் வெட்டிவிடும். அது காப்பது கம்பியை. மனிதனைக் காக்க அது போதாது. மலேசிய வீடுகளில் பூமிக்கு இறங்கும் தண்டு 10 ஓம் தடை காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் கசிவு 23 ஆம்பியர்தான் ஓடும். 32 ஆம்பியர் பிரேக்கர் அசையாது. ஹீட்டரின் உலோக உடலில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். மனித இதயத்தை நிலைகுலைக்க அதில் ஆயிரத்தில் சில பங்கே போதும்.

அந்த இடத்தில்தான் கசிவு பிரேக்கரான ஆர்.சி.டி. வருகிறது. போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் சமமா என்று பார்த்து, வித்தியாசம் தெரிந்ததும் அணைக்கும். 1994-ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள் ஈரத்தரை உள்ள இடத்துக்கு 10 மில்லிஆம்பியரும், கையில் பிடித்து இயக்கும் கருவிகளுக்கு 30 மில்லிஆம்பியரும் கேட்கின்றன. சோதனைக் கருவி கொண்டு, வரம்பளவு கசிவில் 300 மில்லிநொடிக்குள் அது விழுகிறதா என்று வீடு வீடாகப் பார்த்துக் குறித்துக்கொண்டார் வயர்மேன். முனைத் திருகுகளையும் விடவில்லை. தளர்ந்த திருகு சூடேறும். உப்புக்காற்றில் துருவும் சேரும்.

கிளம்பும் முன் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவரை அழைத்து, ஆர்.சி.டி.யின் ‘டெஸ்ட்’ பொத்தானை அவரையே அழுத்தச் சொன்னார். மாதம் ஒருமுறை அழுத்த வேண்டும். விழாவிட்டால் உடனே சொல்ல வேண்டும். பூமிக்கம்பி அறுந்திருந்தால் அந்தப் பொத்தான் காட்டாது என்பதையும் சேர்த்தே சொன்னார். அதற்குச் சான்றிதழ் பெற்றவர் வந்துதான் அளக்க வேண்டும்.

நம் தோட்டங்களில் மின்சாரம் வந்ததைக் கொண்டாடினோம்; அதைப் பராமரிப்பதை மறந்துவிட்டோம். பிரேக்கர் விழுந்தால் காரணத்தைத் தேடுவது வீட்டாரின் கடமை. தகுதியுள்ள வயர்மேனை ஆண்டுதோறும் அனுப்பி, அவர் எழுதித் தரும் அளவுகளைக் கோப்பில் வைத்து, குறைகளைத் தீர்ப்பது நிர்வாகத்தின் கடமை. துரை பங்களாவுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு லயத்துக்கும் கிடைக்க வேண்டும்.