பூட்டும் சாவியும்

டயல் போன் வைத்திருந்த வீடுகளில் ஒரு சின்னப் பூட்டு இருக்கும், நினைவிருக்கிறதா? டயலின் துளை ஒன்றில் மாட்டிவிட்டால் நம்பர் சுற்ற முடியாது. "ஒரே ஒரு போன் பேசிக்கறேன்" என்று வரும் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பயந்து வாங்கிப் போட்டது. சாவி வீட்டுக்காரரிடம் இருக்கும். அதையும் மீறி, ரிசீவர் வைக்கும் கொக்கியைத் தட்டித் தட்டியே நம்பர் போட்ட கெட்டிக்காரப் பையன்கள் எங்கள் தெருவில் உண்டு.

தொலைபேசித் துறையில் 34 வருடம் இருந்தவன் நான். அந்தக் கருப்பு இன்ஸ்ட்ருமென்ட் துறையின் சொத்து. சந்தாதாரர் கட்டியது வாடகைதான். அதைத் திறக்கவோ, லைனில் வேறு எதையும் சேர்க்கவோ அவருக்கு அனுமதி கிடையாது. கெடுபிடிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொருள் யாருடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

2012 கோடையில் நானும் மனைவியும் நியூஜெர்ஸியில் மகன் வீட்டில் இருந்தோம். எல்லாப் பெற்றோரையும் போல எங்களையும் நயாகராவுக்குக் காரில் கூட்டிப்போனான். காலை 9 மணி இருக்கும். பாளையங்கோட்டையிலிருந்து அண்ணன் மகன் கூப்பிட்டான். "சித்தப்பா, அப்பாவை அட்மிட் பண்ணியிருக்கு. 8 மணிக்குள்ள பணம் கட்டச் சொல்றாங்க." அங்கே அப்போது மாலை 6.30.

பணம் என் கணக்கில் இருந்தது. லேப்டாப்பும் மடியில் இருந்தது. எங்கள் வங்கியின் தளம் அந்த நாளில் போனில் சரியாகத் திறக்காது. மகனின் போனில் இணையம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதை லேப்டாப்புக்குக் கொடுக்க ஹாட்ஸ்பாட் என்ற வசதியும் அந்தப் போனிலேயே இருந்தது. தொட்டால், உங்கள் திட்டத்தில் இது இல்லை, நிறுவனத்தைத் தொடர்புகொள்ளுங்கள் என்று ஒரு அறிவிப்பு.

"மாசம் 20 டாலர் தனியா கட்டணும்பா" என்றான்.

"டேட்டாவுக்குத்தான் ஏற்கெனவே கட்டறியே?"

"அது போன்ல பார்க்கறதுக்கு. லேப்டாப்புக்கு வேற."

வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டான். பாட்டுதான் கேட்டது. கடைசியில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, ஒரு மெக்டொனால்ட்ஸ் வாசலில் காரை நிறுத்தி, அவர்களுடைய இலவச வைஃபையில் பணத்தை அனுப்பினேன். இங்கே மணி 7.40. நன்றிக்கடனாக மனைவி உள்ளே போய் ஒரு காபி வாங்கி வந்தாள். வாயில் வைக்க முடியவில்லை!

மகனுடைய நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். அந்த நாட்டில் அப்போது பெரிய நிறுவனங்கள் பலவும் இப்படித்தான் வசூலித்தன. வீட்டுக்குக் குடிநீர் இணைப்பு கொடுத்து, லிட்டர் கணக்கில் காசும் வாங்கிக்கொண்டு, குடத்தில் பிடித்தால் ஒரு விலை, வாளியில் பிடித்தால் வேறு விலை என்பது போல.

அங்கேயும் கொக்கியைத் தட்டுகிற பையன்கள் இருந்தார்கள். கூடுதல் கட்டணம் இல்லாமல் இணைப்பைப் பகிர உதவும் செயலிகளை எழுதிவிட்டார்கள். வெரைசான் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு அவை கிடைக்காதபடி செய்யுமாறு கூகுளைக் கேட்டுக்கொண்டது. ஆனால் 2008 ஏலத்தில் அது வாங்கிய அலைக்கற்றையில் ஒரு நிபந்தனை இருந்தது. வாடிக்கையாளர் விரும்பும் கருவியையும் செயலியையும் தடுக்கக் கூடாது. அதை வைத்துப் புகார் போனது. 2012 ஜூலை இறுதியில் 12.5 லட்சம் டாலர் அரசுக் கருவூலத்துக்குச் செலுத்த வெரைசான் ஒப்புக்கொண்டது. அளவுக்கேற்பக் கட்டணம் செலுத்தும் திட்டக்காரர்கள் அந்தச் செயலிகளைத் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்றும் ஆனது. நிபந்தனை எழுதிய அதிகாரி யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

அடுத்த மாதமே இன்னொரு கூத்து. ஐபோனில் முகம் பார்த்துப் பேசும் ஃபேஸ்டைமை வைஃபை இல்லாமல் பயன்படுத்த வேண்டுமானால் எங்கள் புதிய பகிர்வுத் திட்டத்துக்கு மாறுங்கள் என்று ஏடி அண்டு டி சொன்னது. நெட்வொர்க்கில் நெரிசல் வந்துவிடுமாம். தீபாவளி அன்று எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்தவனுக்கு நெரிசல் என்றால் என்னவென்று தெரியும். திட்டத்தை மாற்றிக்கொண்டவர் பேசினால் மட்டும் லைன் எப்படிக் காலியாகும்? கண்டனம் வலுத்தது, நவம்பரில் கொஞ்சம் தளர்த்தினார்கள். அதற்குள் நாங்கள் ஊர் திரும்பிவிட்டோம்.