ஊதுகுழலும் லாரியும்

தெருவில் போகிற லாரி ஒன்று நம் முகத்தில் கரும்புகையைக் கக்கிவிட்டுப் போனால் நாம் என்ன செய்கிறோம்? முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். டிரைவரை மனத்துக்குள் நாலு வார்த்தை திட்டுகிறோம். அத்துடன் விஷயம் முடிந்தது. அந்தப் புகை யாரோ ஒருவர் வீட்டுப் பணம் என்று நமக்குத் தோன்றுவதில்லை. எனக்குத் தோன்றும். என் அக்காளின் இரட்டைவடச் சங்கிலி அப்படிப் புகையாய்ப் போக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அக்காளைக் கொடுத்திருப்பது நாமக்கல்லில். லாரிக்குப் பாடி கட்டுவதில் பேர்போன ஊர். மச்சான் பல வருஷம் பிறர் வண்டியை ஓட்டிவிட்டு, 2010-ஆம் வருஷம் கையிருப்போடு கடனும் சேர்த்து ஆறு சக்கர லாரி ஒன்றைப் பழையதாக வாங்கினார். சேலத்து ஜவ்வரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரத்துக்குப் போவார். அங்கே விரத நாள் என்றால் ஜவ்வரிசிக் கிச்சடி இல்லாமல் நடக்காதாமே! ஆனால் சேலத்தைத் தாண்டித் தர்மபுரி போவதற்குள் தொப்பூர் மலைப்பாதை குறுக்கே வந்துவிடும். அந்த ஏற்றத்தில் மற்ற வண்டிகளெல்லாம் தாண்டிப் போக, மச்சானுடைய வண்டி மட்டும் முக்கி முனகிக்கொண்டு, வானத்தைக் கறுப்பாக்கிக்கொண்டு ஏறும். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கிடைப்பதே பெரும்பாடு.

டீக்கடையில் வைத்தியர்களுக்கா பஞ்சம்? "பம்பு ஸ்குருவைத் திருகிவிடு, டீசல் கூடப் பாயும்" என்றார் ஒருவர். "பெரிய துவாரமுள்ள நாசில் போடு" என்றார் இன்னொருவர். "பழைய இரும்புக் கடையில் பெரிய வண்டி டர்போ ஒன்று கிடக்கிறது, மலிவாகத் தருகிறான்" என்றார் மூன்றாமவர். மச்சானுடைய மனம் அந்தப் பெரிய டர்போவிலேயே போய் ஒட்டிக்கொண்டது.

பணத்துக்கு எங்கே போவது? 2011 ஐப்பசியில் அக்காள் தன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். அடகு வைத்ததில் 60,000 ரூபாய் வந்தது. ஆனால், "பட்டறைக்கு நானும் வருவேன். எதுக்கு எவ்வளவுன்னு எனக்குத் தெரியணும்" என்று ஒரு நிபந்தனை போட்டாள். லீவில் போயிருந்த நானும் கூடக் கிளம்பினேன்.

மெக்கானிக் வயதானவர். மச்சான் டர்போ புராணத்தை ஆரம்பித்ததும், அவர் அக்காள் பக்கம் திரும்பினார்.

"அம்மணி, அடுப்புல விறகை மேல மேல திணிச்சா என்னாகும்?"

"புகையுமுங்க."

"அப்புறம் என்ன பண்ணுவீங்க?"

"ஊதுவேனுங்க."

"அவ்வளவுதானுங்க டீசல் எஞ்சின்!"

வாஸ்தவமான பேச்சு. ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியர் 1897-இல் ஓட்டிக் காட்டிய எஞ்சினில் தீப்பொறிக்கு வேலையே கிடையாது. காற்றை அழுத்து அழுத்தென்று அழுத்தினால் அது கொதிக்கும். அதற்குள் எண்ணெயைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ஆனால் ஒரு லிட்டர் டீசல் முழுதாய் எரிய ஏறக்குறைய 10,000 லிட்டர் காற்று வேண்டும்! காற்று போதாவிட்டால் மீதி எண்ணெய் கரியாகி வெளியே போகிறது. அதுதான் நாம் பார்க்கும் கரும்புகை.

டர்போ என்பது இதற்கு ஏற்பட்ட ஊதுகுழல். ஆல்ஃபிரட் பியூக்கி என்ற சுவிட்சர்லாந்து எஞ்சினியர் 1905-இல் இதற்குப் பேடண்ட் வாங்கினார். வீணாய்ப் போகும் புகையே ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அதே தண்டில் உள்ள மறு சக்கரம் வெளிக்காற்றை எஞ்சினுக்குள் தள்ளுகிறது. நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கூட அது சுற்றும். அழுத்திய காற்று சூடாகி விரியுமல்லவா? அதைக் குளிர்விக்க முன்புறத்தில் ஓர் இன்டர்கூலர்.

அன்று பூராவும் மெக்கானிக் எதையும் புதிதாக மாட்டவில்லை, இருப்பதையே சோதித்தார். ஏர் ஃபில்டர் தூசியால் அடைத்துக் கிடந்தது. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸில் சோப்பு நீரைத் தடவி எஞ்சினை முடுக்கச் சொன்னார். ஒரு கீறலில் குபுகுபுவென்று நுரை கிளம்பிற்று. ஊதிய காற்றில் பாதி வழியிலேயே போய்க்கொண்டிருந்தது! பிறகு ஆறு நாசில்களையும் கழற்றி, கைப்பிடி வைத்த சோதனைக் கருவியில் மாட்டி அழுத்தினார். நல்ல நாசில் கலியாண வீட்டுப் பன்னீர்ச் செம்பைப் போலப் பனியாய்த் தூவ வேண்டும். இரண்டுதான் தூவின. மற்ற நான்கும் ஓட்டைச் சொம்பு மாதிரி ஒழுகின. பம்பைப் பெஞ்சில் ஏற்றினால், ஆறு சிலிண்டருக்கும் ஆறு அளவு. ஒன்றுக்கு விருந்து, இன்னொன்றுக்குப் பட்டினி. டர்போவின் தண்டோ ஆட்டம் கண்டு, சக்கரம் கூட்டில் உரசியிருந்தது.

"பெரிய டர்போ போட்டால்?" என்று மச்சான் மெல்லக் கேட்டார்.

"அது சுத்திக் காத்துக் கொடுக்கவே நேரம் புடிக்குமுங்க. அதுவரைக்கும் ஏத்தத்துல புகைதான். கலியாண அண்டாவை நம்ம வீட்டு அடுப்புல வெச்சாப்பல" என்றார் மெக்கானிக். காற்றைக் கூட்டாமல் ஸ்குருவை மட்டும் திருகினால், சூடு ஏறி அலுமினியப் பிஸ்டன் உருகிவிடும் என்றும் எச்சரித்தார்.

அக்காள் நோட்டை எடுத்துக் கணக்கு எழுதினாள். பம்பும் புது நாசில்களும் அளவு சரிபார்த்த கூலியும் 24,000. டர்போவுக்கு அதே அளவில் உள்பாகம் மாற்ற 13,000. ஹோஸ், கிளாம்ப், ஃபில்டர் வகையறா 6,000. ஆக 43,000. காற்று வழியெல்லாம் சரியான பிறகுதான் மெக்கானிக் டீசல் அளவைக் கொஞ்சமே கொஞ்சம், சோற்றுக்கு உப்புப் போடுகிற மாதிரி, கூட்டிக் கொடுத்தார். மிச்சம் 17,000 ரூபாய் அன்று சாயங்காலமே அடகுக் கடைக்குத் திரும்பிற்று.

மறு வாரம் ஜவ்வரிசி லோடுடன் தொப்பூரை ஒரு கியர் மேலேயே ஏறியதாக மச்சான் போனில் கூவினார். லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் வந்தது. அரைக் கிலோமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். 1,000 கிலோமீட்டருக்கு 250 லிட்டர் குடித்த வண்டி 222 லிட்டரில் போய்விடும். 28 லிட்டர் மிச்சம்! லிட்டர் 90 ரூபாய் என்று வைத்துப் பார்த்தால், 2,520 ரூபாய். 2012 ஆடிப் பெருக்கன்று சங்கிலி அக்காளின் கழுத்துக்கு வந்துவிட்டது.

டர்போ நீடிக்க மெக்கானிக் ஒரு பழக்கமும் சொல்லிக் கொடுத்தார். ஏற்றம் ஏறி வந்ததும் எஞ்சினைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. இரண்டு மூன்று நிமிஷம் சும்மா ஓட விட வேண்டும். இல்லாவிட்டால் கொதிக்கும் தண்டில் எண்ணெய் கருகிப் பிடித்துக்கொள்ளும்.

இந்த வைத்தியமெல்லாம் பழைய வண்டிகளுக்குத்தான். 2020 ஏப்ரலிலிருந்து விற்கப்படும் புது லாரிகளில் எண்ணெயை அளந்து விடுவது கம்ப்யூட்டர். திருகுவதற்கு ஸ்குருவே கிடையாது. பழைய வண்டியானாலும், பதிவுப் புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக எஞ்சினை மாற்றுவதை 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிப்பதில்லை.

நம் வீடுகளிலும் பெரிய டர்போ ஆசை இல்லாமலா இருக்கிறது? கதவு ரப்பர் கிழிந்து குளிர் வெளியேறும்போது, இன்னும் பெரிய ஃபிரிட்ஜுக்கு விலை விசாரிக்கிறோம். பணம் கொஞ்சமாக இருக்கும்போது முதல் ரூபாயை ஒழுக்கு அடைக்கச் செலவிட வேண்டும். ஆசைக்குக் கடைசி ரூபாய் போதும் என்பது அக்காளின் சித்தாந்தம்.

மச்சான் இன்றைக்கும் பழைய இரும்புக் கடைப் பக்கம் போவதுண்டு. "சும்மா விலை கேட்டேன், அவ்வளவுதான்" என்பார். அக்காள் ஒரு வார்த்தை பேசமாட்டாள். நோட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டு, சமையலைக் கவனிக்கப் போய்விடுவாள்.