அலமாரியில் ஓர் ஆண்டு

ஆண்டுதோறும் இம்மலருக்குச் சிலம்பு குறித்தோ, குறள் குறித்தோ, பெரியபுராணத்து அடியார் ஒருவர் குறித்தோ எழுதிவந்த நாங்கள், இம்முறை மந்திரவாதிகளையும் விண்கலங்களையும் பற்றி எழுதப் புகுவது அன்பர்களுக்கு வியப்பாக இருக்கலாம். 'இந்த வயதில் இவர்களுக்கு என்ன நேர்ந்தது?' என்று சிலர் கேட்கவும் கூடும். எங்கள் வீட்டில் ஒரு மர அலமாரி இருக்கிறது. எல்லாம் அதனால் வந்ததுதான்.

அது எங்கள் மகனுடையது. அவன் 2017-இல் வேலை நிமித்தம் ஃபின்லாந்துத் தலைநகர் ஹெல்சிங்கிக்குச் சென்ற நாள்முதல் அவனது அறை பூட்டியே கிடந்தது. 2023 ஜனவரியில், அவ்வறையைத் தமிழகத்திலிருந்து படிக்கவந்த ஒரு மாணவிக்குக் கொடுக்கலாம் என்று எண்ணித் திறந்தோம். துணிமணிகளை ஒழுங்குபடுத்திவிட்டோம். அலமாரியில் மட்டும் இருவரும் தயங்கி நின்றோம். முழுவதும் ஆங்கிலக் கற்பனைக் கதைகள். தொடர் தொடராக, பாகம் பாகமாக. தெருவில் கபாடிக்காரரின் குரல் கேட்டது. எங்களுள் ஒருவர் பலகணிக்குச் சென்று, கூப்பிடாமலே திரும்பி வந்துவிட்டார். காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறோம். படித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று அன்று தீர்மானித்தோம். ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்பது; கண் வலித்தால் மாற்றிக்கொள்வது; இரவு உணவுக்குப் பின் ஒரு மணி நேரம்.

முதலில் கைக்கு அகப்பட்டது ஐசக் அசிமோவின் 'ஃபவுண்டேஷன்'. 1942-இலிருந்து ஓர் அமெரிக்க இதழில் கதைகளாக வெளிவந்து, 1951 முதல் 1953 வரை மூன்று நூல்களாக உருப்பெற்ற வரிசை அது. இருபத்தைந்து மில்லியன் உலகங்களை ஆளும் ஒரு பேரரசு சரியப்போகிறது. கணிதத்தால் அதை முன்னறிந்த பேரறிஞர் ஒருவர், சரிவைத் தடுக்க முடியாது, ஆனால் அதன்பின் வரும் முப்பதாயிரம் ஆண்டு இருளை ஆயிரம் ஆண்டாகக் குறைக்கலாம் என்கிறார். ரோமப் பேரரசின் வீழ்ச்சியை எழுதிய கிப்பனின் வரலாற்று நூலிலிருந்து பிறந்த எண்ணமாம். மத்திய அரசு அலுவலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கோப்புகளோடு வாழ்ந்தவருக்கு இந்நூல் புதிதாகவே படவில்லை. பேரரசின் தூதர் ஒருவர் வந்து ஐந்து நாள் பேசுகிறார். அப்பேச்சைத் தருக்க முறையால் வடிகட்டிப் பார்த்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. அவ்விடத்தை வாசித்தபோது நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மையார் என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்த்தார். தில்லியில் வாழ்பவர்க்கு அதற்கு உரை தேவையில்லை.

குறையும் சொல்லவேண்டும். அத்தனை உலகங்களில் ஓர் அடுப்பு எரியவில்லை, ஒரு குழந்தை அழவில்லை. எல்லாரும் அறைக்குள் அமர்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள். முதல் நூலில் பெண் என்று ஒருத்தி தலைகாட்டுவதே அரிது. "இவ்வளவு பேருக்கும் யார் சமைத்தார்கள்?" என்று எங்களுள் கேட்டுக்கொண்டிருந்தவர் கேட்டார். வாசித்தவரிடம் விடையில்லை.

சித்திரையில் டோல்கீனுக்கு வந்தோம். 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்', அதாவது மோதிரங்களின் தலைவன். இதனை ஒரே நூலாகவே ஆசிரியர் கருதினார். செலவு கருதியே பதிப்பாளர் 1954, 1955 ஆண்டுகளில் மூன்றாகப் பிரித்து வெளியிட்டார். அந்த 1954-இல்தான் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' இதழில் நிறைவெய்தியது என்பது எங்களுக்கு நினைவு வந்தது. எங்கள் இருவர் வீட்டிலும் அத்தொடரைப் பக்கம் பக்கமாகக் கிழித்துத் தைத்துக் கட்டிய தொகுதிகள் இருந்தன. பாடப் புத்தகத்தின் நடுவே ஒளித்து அதனைப் படித்ததற்காக அடி வாங்கியவர் எங்களுள் உண்டு. தில்லிக்கு வந்தபின், எண்பதுகளில், சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தொடருக்காக விகடனை எதிர்பார்த்துக் கடை வாசலில் நின்றதும் உண்டு. மகனின் தொடர்களை மட்டும் ஏன் நேரக்கொலை என்றோம்?

ஆக்ஸ்போர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர் டோல்கீன். அவர் முதலில் படைத்தது கதையை அன்று, மொழிகளை. அம்மொழிகளைப் பேச மக்கள் வேண்டுமே, அம்மக்களுக்கு வரலாறு வேண்டுமே என்றுதான் கதை வளர்ந்தது. அவற்றுள் குவென்யா என்னும் மொழியின் ஓசைக்கு ஃபின்னிய மொழி ஊற்றுக்கண். இதையறிந்த ஞாயிறன்று தொலைபேசியில் மகனிடம், அதனால்தான் அந்நாட்டைத் தேர்ந்தாயோ என்று கேட்டோம். "இல்லப்பா, சம்பளம்" என்று சிரித்தான். சாப்பாடு, குளிர், இரத்த அழுத்தம் என்ற மூன்றுக்கு அப்பால் ஒரு சொல் எங்களுக்குள் நடந்தது பல ஆண்டுகளில் அதுவே முதன்முறை.

இவ்விடத்தில் ஒரு சிறு செய்தி. அசிமோவின் நூல்களில் இல்லாத ஒரு குறி, இந்நூலின் முதற் பாகத்தில் இருந்தது. முகப்புப் பக்கத்தின் மூலையில் மகனின் கையெழுத்தில் தேதி, விலை, தரியாகஞ்ச் என்னும் பெயர். அவற்றின் கீழே வட்டமிட்ட 2. இரண்டாம் பாகம் என்று தவறாக எழுதிவிட்டான் போலும் என்று எண்ணினோம். இரண்டாம் பாகத்திலும் 2 இருந்தது, அது சரி. மூன்றாம் பாகத்திலும் அதே 2. எங்களுள் ஒருவர் எழுந்து சென்று, அலமாரியில் 2 இட்ட நூல்களையெல்லாம் எடுத்துக் கட்டிலில் அடுக்கினார். டோல்கீனின் 'ஹாபிட்' முதலாக மொத்தம் பத்து.

இனிச் சொல்லாமல் இருக்க இயலாது. 2003-ஆம் ஆண்டு அவன் பன்னிரண்டாம் வகுப்பு. பருவத் தேர்வில் வேதியியலில் மதிப்பெண் சரிந்தது. அவன் பள்ளிக்குச் சென்றிருந்த நேரம் கபாடிக்காரரைக் கூப்பிட்டு, அவனுடைய கதைப் புத்தகங்களை நிறுத்துக் கொடுத்துவிட்டோம். கிலோ 5 ரூபாய், மூன்றரைக் கிலோ, 18 ரூபாயாகக் கொடுத்தார். மாலையில் வந்தவன் அலமாரியைப் பார்த்தான். "பதினொண்ணுமா?" என்று ஒரே சொல் கேட்டான். ஆம் என்றோம். அழவில்லை; சண்டையிடவில்லை. தேர்வில் நன்றாகவே தேறினான். அதன்பின் எங்களிடம் எதைப் பற்றியும் நீளப் பேசியதில்லை. பையன் முதிர்ச்சி அடைந்துவிட்டான் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

2 என்பது இரண்டாம் முறை. முதற் குறியின் தேதி 2005, கடைசிக் குறியின் தேதி 2012. தரியாகஞ்ச் நடைபாதையில் ஞாயிறுதோறும் விரியும் பழைய புத்தகக் கடைகளில் ஒவ்வொன்றாகத் தேடி அதே நூல்களை அவன் மீண்டும் வாங்கியிருக்கிறான். ஞாயிறன்று நண்பர்களோடு கிரிக்கெட் ஆடப் போகிறான் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

அன்றிரவு வாசிப்பு நடக்கவில்லை. மறுவாரம் தொடர்ந்தபோது வந்த பகுதி இன்னும் கடினமாயிற்று. டெனதோர் என்னும் காவலர் தலைவருக்கு இரு மைந்தர். மூத்தவன் மாண்டுவிட்டான். இளையவன் நூல்களை விரும்புபவன், இசையை விரும்புபவன். மூத்தவனுக்குப் பதிலாக இவன் போயிருக்கலாகாதா என்ற எண்ணத்தைத் தந்தை ஒளிக்கவுமில்லை. காக்க இயலாத காவலுக்கு அவனை அனுப்பிவிட்டு, குற்றுயிராய் அவன் திரும்பிய பிறகே நெஞ்சு உடைகிறார். வாசித்தவர் பாதியில் நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்தார். கேட்டவர் தொடரச் சொல்லவில்லை. இதே டோல்கீன், 1944-இல் தம் மகன் கிறிஸ்டோபர் விமானப்படைப் பயிற்சியில் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது, இக்கதையை அத்தியாயம் அத்தியாயமாக அஞ்சலில் அனுப்பிவந்தவர். தந்தை 1973-இல் மறைந்தபின், கைப்பிரதிகளை ஒழுங்கு செய்து 1977-இல் 'சில்மரில்லியன்' நூலை வெளிக்கொணர்ந்தவரும் அம்மகனே.

ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்' 1965-இல் வெளிவந்தது. பல பதிப்பகங்கள் மறுத்தபின், மோட்டார் வண்டிப் பழுதுபார்ப்புக் கையேடுகளுக்குப் பேர்பெற்ற ஒரு நிறுவனம் அதை அச்சிட்டதாம். மழையே இல்லாத ஒரு மணல் உலகம். அங்கே ஒருவர் முன்னே உமிழ்வது அவமதிப்பன்று. தன் உடலின் நீரையே காணிக்கையாக்கும் மரியாதை. இறந்தவருக்காகக் கண்ணீர் விடுவது, அவருக்கு நீரை ஈவதாகும். எங்களுள் ஒருவர் இராமநாதபுரத்துச் சீமையில் பிறந்தவர். ஒரு குடம் தண்ணீருக்கு இரண்டு மைல் நடந்த கால்கள். ஜூன் மாதத்தில் தண்ணீர் லாரிக்கு வாளியோடு வரிசையில் நின்றுவிட்டு வந்து இதைக் கேட்டபோது, "இவன் நம் ஊரை எங்கே பார்த்தான்?" என்றார். இறந்தவர்க்குச் செய்வதை நீர்க்கடன் என்று பெயரிட்ட மொழியல்லவா நம்முடையது! இரண்டாம் பாகம் சுமார். மூன்றாம் பாகத்தைப் பாதியில் மூடிவிட்டோம். கதைத் தலைவர்கள் பேசுவதெல்லாம் தத்துவம், ஒருவரும் வீட்டு மொழியில் பேசுவதில்லை.

உர்சுலா லெகுவினின் 'எர்த்ஸீ' வரிசையே எங்களுக்கு மிகவும் உகந்ததாயிற்று. எண்ணற்ற தீவுகள் கொண்ட உலகம். 1968-இல் வெளிவந்த முதல் நூலின் நாயகன் செம்பழுப்பு நிறத்தவன். அக்காலத்து மேனாட்டுக் கற்பனைக் கதைகளில் இது அரிது. அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் மெய்ப்பெயர் ஒன்று உண்டு. அதை அறிந்தவனே அதனை ஆளலாம். மாந்தர் தம் மெய்ப்பெயரை உயிரினும் மேலான நம்பிக்கை உடையவர்க்கே சொல்வர். மந்திரத்தால் வேற்றுருக் கொள்ளவும் வான்வழிச் செல்லவும் மணிமேகலை கற்றதைப் பள்ளியிலேயே படித்த நமக்கு, இவ்வுலகிற்குள் நுழையக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை.

1971-இன் இரண்டாம் நூலை முடித்து மூன்றாவதைத் தேடினோம். இல்லை. அலமாரியில் அடுத்து இருந்தது 1990-இல் வெளிவந்த நான்காவது நூல், 'தெஹானு'. காத்திராமல் அதில் புகுந்தோம். இரண்டாம் நூலில் சிறுமியாயிருந்த டெனார் இதில் குடியானவனின் விதவை. பிள்ளைகள் வளர்ந்து விலகிவிட்டனர். தீயில் எரிந்த ஓர் அனாதைக் குழந்தையை வளர்க்கிறாள். பாத்திரம் கழுவுவதும் ஆடு மேய்ப்பதும் இங்கே கதையாகின்றன. அசிமோவிடம் கேட்ட கேள்விக்கு இங்கே விடை கிடைத்தது. ஒருநாள் பழைய நண்பன் கெட் என்பானை, உயிர் மட்டும் மிஞ்சிய நிலையில், ஒரு கடல்நாகம் போன்ற பறவைநாகம் சுமந்து வந்து இறக்குகிறது. உலகின் மாபெரும் மந்திரவாதியாயிருந்தவன் ஆற்றல் முழுவதையும் இழந்துவிட்டான். எங்கே, எதற்காக இழந்தான் என்பது மூன்றாம் நூலில் இருக்கிறது. நாங்கள் அதைப் படிக்காதவர்கள். என்ன பட்டு வந்தான் என்று அறியாமலே, திரும்பி வந்தவனுக்குக் கஞ்சி ஊட்டும் டெனாரோடு நாங்களும் இருந்தோம்.

பதினோராவது நூல் அதுதான் என்று அப்போது புலனாயிற்று. 1972-இல் வெளியான 'தி ஃபார்தெஸ்ட் ஷோர்'.

சீன எழுத்தாளர் லியு சிக்சினின் 'முப்பொருள்' வரிசையைக் குறித்தும் எழுதலாம். மொழிபெயர்ப்பு நாவல் ஒன்று ஹ்யூகோ விருது பெற்றது 2015-இல் அதனாலேயே முதன்முதல் நிகழ்ந்தது. தந்தை தன் கண்முன் அடித்துக் கொல்லப்படக் கண்ட ஒரு பெண், மானுடத்தின்மீது நம்பிக்கை இழந்து விண்ணுக்கு விடைசொல்லும் இடம் மறக்கவொண்ணாதது. ஆயினும் அதைப் படிக்கும்போது எங்கள் மனம் அதில் முழுமையாக இல்லை.

அக்டோபரில் ஒரு ஞாயிறன்று மகனிடம் சொன்னோம். 2 என்ற குறியைப் பார்த்ததையும், பத்துதான் இருக்கிறதென்பதையும், 2003-இல் நாங்கள் செய்தது தவறு என்பதையும் சொன்னோம். இருவரில் யார் பேசுவது என்று ஒத்திகை பார்த்திருந்தும் இருவருமே தடுமாறினோம். மறுமுனையில் நெடுநேரம் ஒலியில்லை. இணைப்பு அறுந்ததோ என்று ஐயுற்றோம்.

"எர்த்ஸீ மூணாவது மட்டும் கிடைக்கவே இல்லம்மா" என்றான். "எட்டு வருஷம் பார்த்தேன்."

இணையத்தில் புதுப் பிரதி வாங்கலாமே என்றோம். அது எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும், அவனுக்கு அந்தப் பழைய அட்டைதான் வேண்டும் என்றான். பின்னர் மூன்றாவதில் என்ன நடக்கிறதென்று சொல்லத் தொடங்கினான். "கதையைச் சொல்லாதேடா!" என்று அவன் அம்மா அதட்டினாள். அன்று நாற்பது நிமிடம் பேசினோம். தவறைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.

தரியாகஞ்ச் நடைபாதைக் கடைகள் 2019-இல் நீதிமன்ற ஆணையின்பின் எழுப்பப்பட்டு, தில்லி கேட் அருகே மகிளா ஹாட் வளாகத்திற்கு மாற்றப்பட்டன. மறுஞாயிறு அங்கே சென்றோம். வெயிலில் கடை கடையாகக் குனிந்து பார்த்தோம். தேர்வு வழிகாட்டிகள், சமையல் நூல்கள், முதுகு உரிந்த துப்பறியும் கதைகள். ஒரு முதிய கடைக்காரர் மட்டும் பெயரைக் கேட்டதும் தலையாட்டினார். அந்த ஆசிரியை பெயர் தமக்குத் தெரியும், பழைய சரக்கு வரும்போது எடுத்துவைப்பதாகச் சொல்லி, சிறு நோட்டில் இந்தியில் குறித்துக்கொண்டார். எந்தப் பதிப்பு, அட்டையில் என்ன படம் என்று கேட்டார்.

எங்களுக்குத் தெரியவில்லை. கட்டி எடுத்துக் கொடுத்தது எங்கள் கைகள்தாம்; அட்டையை ஒருமுறையும் பார்த்ததில்லை. வீடு திரும்பியதும் மகனுக்குப் பேசிக் கேட்டோம். வண்ணத்திலிருந்து எழுத்து வரை சொன்னான், எழுதிக்கொண்டோம். அடுத்த ஞாயிறு மீண்டும் போகவேண்டும்.